பன்னிரண்டு வயது மகனுக்கு விழித்திரை விலகல்: பெல்ட் அறுவையா, விட்ரெக்டமியா?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகனுக்கு வயது 12. ஆறு வயதிலிருந்து கண்ணாடி அணிகிறான். இப்போது இரண்டு கண்களிலும் பவர் மைனஸ் 6 அளவில் இருக்கிறது. சென்ற மாதம் பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில் இடக் கண்ணை மூடி வலக் கண்ணால் மட்டும் பார்க்கச் சொன்னபோது, மேல் பக்கத்தில் நிழல் விழுந்தாற்போல் இருப்பதாகச் சொல்லியிருக்கிறான். எப்போதிலிருந்து அப்படி இருக்கிறது என்று நாங்கள் எத்தனை முறை கேட்டும் அவனுக்கே தெரியவில்லை.

விழித்திரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். கீழ்ப்பகுதியில் விழித்திரை கழன்றிருக்கிறது, அங்கே வட்டமான சிறு ஓட்டைகள் இரண்டு இருக்கின்றன, பார்வையின் நடுப்பகுதியான மாக்குலா இன்னும் ஒட்டியே இருக்கிறது என்று சொல்லி, கண்ணைச் சுற்றி வெளியே பட்டை தைக்கும் பெல்ட் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைத்தார். மனம் ஆறாமல் வேறோர் ஊரில் இன்னொரு மருத்துவரைப் பார்த்தோம். அவர் கண்ணுக்குள் இருக்கும் கூழை வெட்டி எடுக்கும் விட்ரெக்டமி அறுவை செய்து சிலிக்கான் எண்ணெய் நிரப்பலாம் என்கிறார். உறவினர்களோ, பெல்ட் எல்லாம் அந்தக் காலத்து வைத்தியம், புதிய முறை இருக்கும்போது பிள்ளையின் கண்ணில் பழையதை ஏன் செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்ணாடி (விழித்திரை மருத்துவர்)

அம்மா, உங்கள் மகனின் கண்ணைப் பார்க்காமல் இதைத்தான் செய்ய வேண்டும் என்று நான் சொல்வது முறையாகாது. ஆனால் உங்கள் உறவினர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். பழைய முறை, புதிய முறை என்று காலத்தை வைத்துப் பிரிப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. இரண்டும் வெவ்வேறு வகைக் கண்களுக்கு ஏற்பட்டவை. இளம் கண் எப்படி இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் முதல் மருத்துவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது விளங்கும்.

கண்ணின் உட்புறம் விட்ரியஸ் என்ற தெளிந்த கூழால் நிறைந்திருக்கிறது. நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். சிறுவர்களின் விட்ரியஸ் கெட்டியாகவும் இறுக்கமாகவும் விழித்திரையோடு ஒட்டியிருக்கும். ஐம்பது, அறுபது வயதில் அது நீர்த்து, சுருங்கி, விழித்திரையை விட்டுத் தானாகவே விலகும். பெரியவர்களுக்கு அப்படி விலகும்போது இழுபட்டுக் குதிரை லாட வடிவில் கிழிசல் உண்டாகி, சில நாட்களிலேயே விழித்திரை முழுவதும் கழன்றுவிடலாம். அவர்கள் மின்னல் போன்ற ஒளியையும் மிதக்கும் புள்ளிகளையும் கண்டு பயந்து ஓடி வருவார்கள். கிட்டப்பார்வையுள்ள சிறுவர்களுக்குப் பெரும்பாலும் இப்படி நடப்பதில்லை. லாட்டிஸ் என்று நாங்கள் சொல்லும் மெலிந்த ஓரப் பகுதியில் வட்டமான சிறு ஓட்டை விழும். கூழ் கெட்டியாக இருப்பதால் அதன் வழியே நீர் மெல்ல மெல்லத்தான் கசியும். மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், கீழேயிருந்து மேலாக விழித்திரை கழன்றுகொண்டு வரும். இன்னொரு கண் நன்றாக இருப்பதால் பிள்ளைக்கு எதுவும் தெரியாது. உங்கள் மகனுக்கு எப்போதிலிருந்து என்று சொல்லத் தெரியாததும் அதனால்தான், அவன் மறைக்கவில்லை.

பெல்ட் அறுவையில் கண்ணுக்குள்ளே நாம் நுழைவதில்லை. கண்ணின் வெளிச்சுவரான வெண்படலத்தின் மேல் சிலிக்கான் பட்டையைத் தைத்து, ஓட்டை இருக்கும் இடத்தில் கண்ணின் சுவரை உள்நோக்கி அழுத்துகிறோம். கிரையோ என்னும் உறைகுளிர்க் கருவியால் வெளியிலிருந்து ஓட்டையைச் சுற்றி உறையவைத்தால், அங்கே உண்டாகும் தழும்பு விழித்திரையைச் சுவரோடு ஒட்டிவிடும். உள்ளே இருக்கும் கெட்டியான கூழே ஓட்டையை அடைத்துத் தாங்குகிறது. எண்ணெயோ வாயுவோ பெரும்பாலும் தேவைப்படாது.

விட்ரெக்டமியில் அந்தக் கூழை வெட்டி எடுக்க வேண்டும். முதியவரின் கண்ணில் அது ஏற்கெனவே விலகி நிற்பதால் எளிது. பன்னிரண்டு வயதுக் கண்ணில் அதை விழித்திரையிலிருந்து உரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. உரிக்கும்போது புதிய கிழிசல்கள் விழலாம். ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மீந்துபோன கூழைப் பற்றுக்கோடாகக் கொண்டு வடுச் சவ்வு படர்ந்து, விழித்திரையை மீண்டும் இழுத்துக் கழற்றலாம். சிறுவர்களின் கண்களில் அந்தச் சவ்வு பெரியவர்களைவிட வேகமாகவும் முரட்டுத்தனமாகவும் வளர்கிறது.

ஆகவே, நீங்கள் விவரிப்பது போன்ற கண்ணில் பெல்ட்டை முதலில் நினைப்பது இன்றைக்கும் நடைமுறையில் உள்ள மருத்துவமே.

கேள்விக்கணை

மருத்துவர் ஐயாவுக்கு மரியாதையுடன் ஒரு கேள்வி. இரண்டு முறைகளையும் முறையாக ஒப்பிட்டுச் சோதித்திருக்கிறார்களா, அல்லது இது அனுபவத்தின் மேல் நிற்கும் நம்பிக்கையா? இரண்டாவது மருத்துவரும் விழித்திரை நிபுணர்தானே. அவர் மட்டும் ஏன் வேறு விதமாகச் சொல்கிறார்?

நுண்ணாடி

நியாயமான கேள்வி. ஜெர்மனியில் ஹைமன் என்பவரின் தலைமையில் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றின் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஒப்பீட்டு ஆய்வின் முடிவு 2007 இல் வெளியானது. சொந்த லென்ஸ் இருக்கும் கண்களில், பெல்ட் வைத்தவர்களுக்குப் பார்வை மேலாக இருந்தது. கண்புரை அறுவை ஆகி உள்லென்ஸ் வைத்த கண்களில் அந்த மேன்மை காணப்படவில்லை. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் பெரியவர்கள். நடுத்தரச் சிக்கலுள்ள விலகல்கள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டன. ஆகவே அதை அப்படியே ஒரு சிறுவனுக்குப் பொருத்திவிட முடியாது. சிறுவர்களுக்கு வரும் விலகல் மொத்தத்தில் சிறு பங்குதான் என்பதால், அவர்களைப் பற்றி நமக்கு இருப்பவை பெரும்பாலும் தனித்தனி மருத்துவமனைகள் தம் பழைய பதிவேடுகளைப் புரட்டி எழுதிய தொகுப்புகள். அவை ஏறத்தாழ ஒரே திசையைக் காட்டுகின்றன என்பதும், நான் மேலே சொன்ன உடற்கூற்றுக் காரணம் அதற்கு ஒத்துப்போகிறது என்பதுமே என் வாதத்தின் பலம். அதற்கு மேல் அதை உயர்த்திப் பேச மாட்டேன்.

இரண்டாவது கேள்விக்கு என் துறையைப் பற்றியே கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. விட்ரெக்டமிக் கருவிகள் மெலிந்து, நேர்த்தியாகிவிட்டன. நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே செய்யலாம், உதவியாளரும் திரையில் பார்த்துக் கற்கலாம். பெல்ட்டுக்குத் தலையில் மறைமுக ஒளிக்கருவியை மாட்டிக்கொண்டு, தலைகீழாகத் தெரியும் பிம்பத்தைப் பார்த்து, வெண்படலத்தில் பாதி ஆழத்துக்கு மட்டும் ஊசியை ஓட்ட வேண்டும். கற்றுக்கொள்ள நாளாகும். இப்போது பயிற்சி முடித்து வரும் இளைஞர்களில் பலர் விட்ரெக்டமியைச் செய்த எண்ணிக்கையில் ஒரு சிறு பங்குகூடப் பெல்ட் வைத்திருக்க மாட்டார்கள். தம் கைக்குப் பழகிய முறையை ஒருவர் பரிந்துரைப்பது ஏமாற்று அல்ல; பழகாத கையால் பெல்ட் வைப்பதைவிட அது நல்லதுதான். ஆனால் பெற்றோர் அந்தக் கேள்வியை நேராகவே கேட்கலாம்: "டாக்டர், இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பெல்ட் நீங்கள் வைப்பதுண்டா?" கேட்டதற்காக எவரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. இப்போது கண்ணுக்குள் ஒரு சிறு விளக்கை மட்டும் செருகி, நுண்ணோக்கியில் பார்த்தபடியே பெல்ட் வைக்கும் முறையும் வந்திருக்கிறது. அதனால் அடுத்த தலைமுறை இந்தக் கலையைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும் என்று நம்புகிறேன்.

ஏட்டுச்சுவடி

"அந்தக் காலத்து வைத்தியம்" என்ற சொல்லுக்காக ஒரு குறுக்கீடு. நான் மருத்துவன் அல்லன்; மருத்துவ வரலாறு படிப்பதில் ஆர்வமுள்ள ஓய்வூதியர்.

உண்மையான அந்தக் காலத்தில் விழித்திரை கழன்றால் வைத்தியமே கிடையாது. நோயாளியை வாரக்கணக்கில் தலையை அசைக்காமல் படுக்க வைப்பார்கள், பார்வை போய்விடும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து ழூல் கோனென் என்பவர்தான், விழித்திரை கழல்வதற்குக் காரணம் அதிலுள்ள கிழிசல், அதை மூடாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை என்று 1920களில் நிறுவினார். சூடேற்றிய முனையால் வெண்படலத்தைத் துளைத்துக் கிழிசலைச் சுட்டு மூடினார். ஜெர்மனியின் கஸ்டோடிஸ் 1949 இல் வெளியிலிருந்து அழுத்தும் முறையைக் கொண்டுவந்தார். பெல்ஜியத்திலிருந்து அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் போன சார்லஸ் ஷெப்பன்ஸ் கண்ணைச் சுற்றிக் கட்டும் பட்டையையும், இரு கண்ணாலும் பார்க்கும் மறைமுக ஒளிக்கருவியையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். விட்ரெக்டமி அதற்குப் பிறகு, 1970 இல், மியாமியில் ராபர்ட் மாக்கெமர் கையில் பிறந்தது. ஆக, இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு தலைமுறைதான் இடைவெளி.

நம் ஊருக்கும் இதில் நேரான தொடர்பு உண்டு. சென்னையில் 1978 இல் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கிய மருத்துவர் எஸ்.எஸ். பத்ரிநாத், பாஸ்டனில் அந்த ஷெப்பன்ஸிடமே பயிற்சி பெற்றுத் திரும்பியவர். 2023 இல் காலமானார். பெல்ட் நம்மவர்களுக்குக் கைவந்த கலையானதில் அந்தக் குரு சீடர் வழிக்கும் பங்குண்டு.

பழைய பெல்ட்காரன்

சகோதரி, பெல்ட் வைத்துக்கொண்டு 30 ஆண்டுகளாக வாழ்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். எனக்குப் பதினான்கு வயதில் கிட்டிப்புள் விளையாடும்போது புள் வந்து இடக் கண்ணில் அடித்தது. அன்றைக்குச் சிவந்தது, இரண்டு நாளில் சரியாயிற்று, வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஏழெட்டு மாதம் கழித்துக் கண் மங்கியபோதுதான், விழித்திரை அதன் ஓரத்தில் வேரோடு பிய்ந்தாற்போல் கழன்றிருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். அடிபட்ட பிள்ளைகளுக்கு இப்படி வருவதுண்டு என்றும், அடிபட்ட அன்றே எதுவும் தெரியாமல் பல மாதங்கள் கழித்து வெளிப்படுவது இதன் இயல்பு என்றும் அப்போது சொன்னார்கள்.

அறுவைக்குப் பின் முதல் வாரம் கண் நன்றாக வீங்கியிருந்தது. கண்ணை அசைத்தால் வலித்தது. இரண்டு மாதம் வரை மாடிப்படி இறங்கும்போது படிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பிறகு தானாகச் சரியாகிவிட்டது. பவர் மைனஸ் பக்கமாக ஏறக்குறைய இரண்டு கூடியது. இன்றுவரை அந்தப் பட்டை உள்ளேதான் இருக்கிறது. முதுகுவலிக்காக எம்.ஆர்.ஐ. எடுத்தபோது பெல்ட் இருப்பதைச் சொன்னேன். சிலிக்கான் என்பதால் தடையில்லை என்றார்கள். எனக்கு மாக்குலாவும் கழன்றிருந்ததால் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. உங்கள் மகனுக்கு அது ஒட்டியிருக்கிறது என்பதை நீங்கள் பெரிய நற்செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

நுண்ணாடி

பெல்ட்காரர் சொன்னதில் எதையும் திருத்த வேண்டியதில்லை. கண்ணைச் சுற்றிக் கட்டும்போது விழி சற்று நீள்வதால் மைனஸ் கூடுகிறது என்பதை மட்டும் சேர்க்கிறேன். 1980களில் புழக்கத்துக்கு வந்த ஹைட்ரோஜெல் பட்டைகள் பல ஆண்டுகள் கழித்து நீரை உறிஞ்சி ஊதிப் பெருத்துப் பெருந்தொல்லை தந்தன. இப்போது வைப்பது அது அன்று. சிலிக்கான் பட்டையிலும் அரிதாகத் தொற்று வரலாம், தையல் விலகிப் பட்டை வெளியே தெரியலாம். நீங்காத சிவப்பும் பீளையும் இருந்தால் எத்தனை ஆண்டுகள் கழித்தும் காட்ட வேண்டும்.

கேள்விக்கணை

அப்படியானால் சிறுவர்களுக்கு விட்ரெக்டமியே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

நுண்ணாடி

இல்லை, அப்படி எடுத்துக்கொள்ளவே கூடாது. விழித்திரையின் சுற்றளவில் கால் பங்குக்கு மேல் கிழிந்து மடிந்துபோன பெருங்கிழிசல், கண்ணாடிச் சில்லோ கம்பியோ குத்திய காயம், இரத்தம் கட்டி எதுவும் தெரியாத கண், பின்புறத்தில் பெல்ட் எட்டாத இடத்தில் உள்ள ஓட்டை, பிறவியிலேயே விழித்திரையின் ஒரு பகுதி உருவாகாத கொலபோமா, ஏற்கெனவே வடுச் சவ்வு படர்ந்து நட்சத்திரம்போல் மடிப்பு விழுந்த விழித்திரை ஆகியவற்றுக்குப் பெல்ட் மட்டும் போதாது. இவற்றில் விட்ரெக்டமி செய்யாமல் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால் கண் போய்விடும். கூழ் கண்ணுக்குத் தெரியாது என்பதால், டிரையம்சினலோன் என்ற வெண்துகள் மருந்தைத் தூவி, அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்து உரிக்கிறோம். நீரைவிடக் கனமான திரவத்தை ஊற்றி, மடிந்த விழித்திரையைப் பாயை விரிப்பதுபோல் விரிக்கிறோம். கடைசியில் வாயுவையோ எண்ணெயையோ நிரப்புகிறோம். வாயு போட்டால் தலையைக் குறிப்பிட்ட நிலையில் நாள் முழுவதும் வைத்திருக்க வேண்டும். சிறு பிள்ளைகள் அதற்கு உடன்பட மாட்டார்கள் என்பதாலேயே பல வேளைகளில் எண்ணெயைத் தேர்ந்தெடுக்கிறோம். எண்ணெயைச் சில மாதங்களில் திரும்ப எடுக்க இன்னோர் அறுவை, இன்னொரு மயக்கம். வெகுநாள் விட்டால் புரையும் கண் அழுத்தமும் கருவிழியில் வெண்பட்டையும் வரக்கூடும்.

மயக்கவியலார்

மயக்க மருந்து கொடுப்பவனாக இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு ஊசியால் கண்ணை மட்டும் மரக்கச் செய்து பெல்ட் வைக்க முடியும்; பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முழு மயக்கம்தான். கண்ணின் தசைகளை இழுக்கும்போது சிறுவர்களின் இதயத்துடிப்பு திடீரென்று குறைவதுண்டு. இது நாங்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒன்று, அறுவை செய்பவர் இழுப்பதை நிறுத்தினாலே பெரும்பாலும் சீராகிவிடும். தெளிந்து எழுந்தபின் வாந்தி வருவதும் இந்த அறுவையில் வழக்கம். அதற்கு முன்கூட்டியே மருந்து கொடுப்போம்.

இரண்டாவது செய்தி கண்ணுக்குள் வாயு வைத்துக்கொண்டவர்கள் எல்லோருக்கும். அந்தக் குமிழி கரைந்து முடியும் வரை, அதாவது வாயுவின் வகையைப் பொறுத்து இரண்டு முதல் எட்டு வாரம் வரை, விமானத்தில் ஏறக் கூடாது. கொடைக்கானலோ ஊட்டியோ போகக் கூடாது. உயரம் போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து, குமிழி விரிந்து, கண்ணின் இரத்த ஓட்டமே நின்றுவிடலாம். அந்தக் காலத்துக்குள் வேறு எதற்காவது மயக்கம் தேவைப்பட்டால், கண்ணில் வாயு இருப்பதை முதலில் சொல்லுங்கள். நைட்ரஸ் ஆக்சைடு என்னும் மயக்க வாயுவைக் கொடுத்தால் இதே ஆபத்து உண்டு. மதுரையிலிருந்து கொடைக்கானல் அரை நாள் பயணம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

குறைமாதத்துத் தாய்

இந்த இழையில் எழுதலாமா என்று தயங்கினேன். என் பிள்ளையின் கதை வேறு வகை. ஆனால் விழித்திரை விலகல் என்று தேடி வரும் பெற்றோரில் சிலர் என்னைப் போன்றவர்களாக இருப்பார்கள்.

என் மகள் 28 வாரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடையுடன் பிறந்தாள். நாங்கள் இருந்த மருத்துவமனையில் மூச்சுக்கும் பாலுக்கும் எடைக்கும் அவ்வளவு பாடுபட்டார்கள். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து, விளக்கைப் பார்க்காமல் இருக்கிறாளே என்று நாங்களாகவே கண் மருத்துவரிடம் போனபோது, வலக் கண்ணில் விழித்திரை முழுவதும் கழன்று புனல்போல் சுருண்டிருந்தது. இடக் கண்ணில் ஓரம் மட்டும் இழுபட்டுக் கழன்றிருந்தது, மையம் தப்பியிருந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோய் (ஆர்.ஓ.பி.), அதில் நான்காம் கட்டத்தின் முதல் நிலை என்றார்கள். லென்ஸைத் தொடாமல் விட்ரெக்டமி செய்தார்கள். இடக் கண்ணால் இன்றைக்குப் பெரிய எழுத்துப் புத்தகம் வாசிக்கிறாள். வலக் கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

யாரையும் குறை சொல்லி என்ன பயன் என்று என் கணவர் கேட்பார். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அந்த ஒரு பரிசோதனைக்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான்.

நுண்ணாடி

அம்மா, நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த எந்தக் குழந்தைக்கும் பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும் என்பதே இந்தியாவில் பின்பற்றப்படும் நெறி. 28 வாரத்துக்கும் முன்னதாகவோ 1,200 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்தால் இரண்டு, மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். உங்கள் மகள் இந்த நெறிக்குள் அடங்கியவள். விழித்திரையின் இரத்தக் குழாய்கள் வளர்ந்து முடியாத ஓரத்தில் தாறுமாறான குழாய்கள் முளைப்பதே இந்நோயின் தொடக்கம். உரிய நாளில் கண்டால் லேசரோ, கண்ணுக்குள் போடும் ஊசியோ போதும். கழன்ற பிறகு செய்யும் அறுவையில் மையம் கழல்வதற்கு முன் செய்வதற்கும், புனலாகச் சுருண்டபின் செய்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. இங்கே பெல்ட் பொதுவாக முதல் தேர்வு அன்று. இழுப்பது கூழிலுள்ள சவ்வு, அதை அறுத்து விடுவிப்பதே வேலை. வளரும் குழந்தையின் கண்ணைச் சுற்றிப் பட்டை கட்ட நேர்ந்தாலும், கண் பெரிதாக இடம் விட்டுச் சில மாதங்களில் அதை வெட்டிவிட வேண்டும்.

இதோடு ஒன்றையும் பெற்றோர் மனத்தில் வைக்க வேண்டும். குழந்தையின் கண்மணியில் வெண்மை தெரிந்தாலோ திடீரென்று மாறுகண் விழுந்தாலோ, கழன்ற விழித்திரைக்குப் பின்னால் ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோய் ஒளிந்திருக்கலாம். அது இல்லை என்று ஸ்கேனில் உறுதி செய்யாமல் எவரும் அந்தக் கண்ணைத் திறக்க மாட்டார்கள். திறந்தால் புற்றணுக்கள் வெளியே பரவிவிடும். அறுவைக்கு முன் ஏன் இத்தனை பரிசோதனை, நாள் கடத்துகிறார்களே என்று தயவுசெய்து சலித்துக்கொள்ளாதீர்கள்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று முதல் மருத்துவரிடமே திரும்பப் போனோம். நீங்கள் சொன்னபடி நேராகவே கேட்டேன். சிரித்துக்கொண்டே, பட்டையையும் விழியின் மாதிரியையும் எடுத்து என் மகனின் கையில் கொடுத்து, எங்கே வைப்பேன் என்று அவனுக்கே விளக்கினார். அடுத்த வாரம் அறுவை. நேரம் கடத்துகிறோமா என்று பயமாக இருக்கிறது. காப்பீட்டு அட்டை விவரங்களைச் சமர்ப்பிக்கவே இரண்டு நாள் ஆயிற்று.

நுண்ணாடி

நாள்பட்ட, மெதுவான விலகல் என்பதால் சில நாட்கள் திட்டமிட்டுச் செய்வதில் தவறில்லை. உங்கள் மருத்துவர் பார்த்துத்தான் நாள் குறித்திருப்பார். நிழல் நடுப்பக்கமாக இறங்கி வருகிறது என்று அவன் சொன்னால் அன்றே போங்கள். மற்றக் கண்ணையும் மருந்து விட்டு விரித்து ஓரம்வரை பார்த்தார்களா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சிறுவர்களுக்கு இரு கண்ணிலும் குறை இருப்பது அடிக்கடி காணப்படுவது. உடன்பிறந்தவர்களையும் காட்டுங்கள்.

குடும்பத்தில் சிறு வயதிலேயே கண் போனவர்கள், அண்ணப் பிளவு உள்ளவர்கள், காது மந்தம் உள்ளவர்கள், இளமையிலேயே மூட்டுவலி வந்தவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஸ்டிக்லர் என்னும் மரபுவழிக் குறைபாட்டில் இவை சேர்ந்து வரும். அதில் பெருங்கிழிசல் விழும் ஆபத்து அதிகம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள், விலகல் வருமுன்பே கண்ணின் ஓரம் முழுவதும் வளையமாகக் கிரையோ செய்து, விலகுவது பல மடங்கு குறைந்ததாக 2014 இல் வெளியிட்டார்கள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட்ட ஆய்வு அன்று அது. ஆனாலும் ஒதுக்கிவிடக்கூடியதும் அன்று.

வைகைக்கரை

அறுவை முடிந்து பத்து நாள் ஆகிறது. இன்று பரிசோதனையில், ஓட்டைகள் பட்டையின் மேல் நன்றாக அமர்ந்திருக்கின்றன, ஆனால் கீழே இன்னும் நீர் இருக்கிறது என்றார்கள். என் கணவர் மிகவும் உடைந்துபோய்விட்டார். விட்ரெக்டமியே செய்திருக்கலாமோ என்று கேட்கிறார்.

நுண்ணாடி

ஐயாவிடம் சொல்லுங்கள். நெடுநாள் தேங்கிய நீர் புரதம் மிகுந்து கெட்டியாகிவிடும். ஓட்டை அடைபட்டால் புதிய நீர் சேராது. பழையதை விழித்திரையின் அடியிலுள்ள அடுக்கு வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், உறிஞ்சி எடுக்கும். நீர் கூடுகிறதா, குறைகிறதா என்பதுதான் கேள்வி. கூடாதவரை காத்திருப்பதே சிகிச்சை.

கண்ணாடிப் பரிசோதகர்

இரண்டு நடைமுறைக் குறிப்புகள். பவர் நிலைபெற இரண்டு, மூன்று மாதமாகும். அதற்குள் அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம். வாங்கும்போது பாலிகார்பனேட் லென்ஸாகக் கேளுங்கள். பந்து பட்டாலும் எளிதில் உடையாது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்தால், அறுவை நன்றாக முடிந்தபின்னும் அந்தக் கண் சோம்பேறிக் கண்ணாகிவிடலாம் என்பதை மறக்க வேண்டாம். உரிய கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் மருத்துவர் சொன்ன நேரம் மூடி வைத்தால்தான் விழித்திரை ஒட்டியதன் பலன் கிடைக்கும். எண்ணெய் போட்ட கண்ணின் பவர் பிளஸ் பக்கமாக ஐந்து, ஆறு என்று மாறும். மைனஸ் 6 உள்ள பிள்ளை கண்ணாடியில்லாமல் தெளிவாகத் தெரிகிறது என்று குதிக்கும். எண்ணெயை எடுத்ததும் பழைய பவர் வந்துவிடும். இதைக் கண் கெட்டுவிட்டது என்று நினைத்து அழுத பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

வைகைக்கரை

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். நீர் முழுவதும் வற்றிவிட்டது. வலக் கண் மைனஸ் 8 ஆகியிருக்கிறது. கண்ணாடியோடு கடைசிக்கு முந்தைய வரி வரை படிக்கிறான். இடக் கண்ணில் லாட்டிஸும் ஓர் ஓட்டையும் இருந்ததால் அதைச் சுற்றி லேசர் செய்தார்கள். எட்டு வயது மகளையும் காட்டினோம். அவளுக்கு லாட்டிஸ் மட்டும் இருக்கிறது, ஓட்டை இல்லை, ஆண்டுக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். மகன் ஒன்று கேட்கச் சொன்னான்: பள்ளிக் கபடி அணியில் திரும்பச் சேரலாமா?

நுண்ணாடி

ஓட்டம், நீச்சல், இறகுப்பந்து எல்லாம் மருத்துவர் ஒப்புதலோடும் பாதுகாப்புக் கண்ணாடியோடும் ஆடட்டும். கபடியும் குத்துச்சண்டையும் வேண்டாம். இந்தக் கண்ணில் ஒரு முழங்கை பட்டால் போதும். கோபப்படுவான்; படட்டும்.

பழைய பெல்ட்காரன்

தம்பியிடம் சொல்லுங்கள் சகோதரி, அந்த வயதில் எனக்கும் அதே கோபம் இருந்தது. நான் கேரம் பக்கம் போய்விட்டேன்.